கோடை இடிமழையும் கம்பம் பள்ளத்தாக்கின் வாழைக் குடியானவர்களும்

தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை, வைகாசி ஆகிய இரண்டு மாதங்களும் குடியானவர்களுக்கு நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒருங்கே தருவன. கிணறுகளில் நீர் தாழ்ந்து, இறைவைக்குப் போதாமல் நிற்கும் அந்நாட்களில் பெய்யும் ஓர் இடிமழை ஒரு தண்ணீர்க்கட்டு முழுவதையும் மிச்சப்படுத்துகிறது. தரிசுக்குக் கோடை உழவு செய்ய ஈரம் தருகிறது. வெயிலில் வாடிய தென்னைக்கும் மாவுக்கும் உயிர் கொடுக்கிறது. அதே மேகம் கால் மணி நேரச் சூறைக்காற்றினால், பத்து மாதம் உரமிட்டு நீர் பாய்ச்சி வளர்த்த வாழையைத் தாருடன் சாய்த்துவிட்டும் போகிறது. மழையை விரும்பி வானத்தைப் பார்ப்பவனும், காற்றுக்கு அஞ்சி வானத்தைப் பார்ப்பவனும் இப்பள்ளத்தாக்கில் பெரும்பாலும் ஒரே குடியானவன்தான்.

இத்தகைய சேதம் நேர்ந்த மறுநாள், கூடலூர் முதல் சின்னமனூர் வரையில் தோட்டந்தோறும் ஒரே பேச்சைக் கேட்கலாம். "மூன்று நாளாக இடிமழை என்று அறிவித்தார்கள், ஒரு சொட்டும் இல்லை, நான்காம் நாள் மரமெல்லாம் போயிற்று, இந்த அறிவிப்பை நம்பி என்ன பிரயோஜனம்?" என்பதே அது. நஷ்டமடைந்தவனுடைய மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் அதிலிருந்து அவன் செய்யும் முடிவு நியாயமானதன்று. கோடை இடிமழையைப் பற்றிய முன்னறிவிப்பு எதைச் சொல்லக்கூடும், எதைச் சொல்ல இயலாது என்பதைப் பகுத்தறிந்தால், வாழையைக் காக்கும் வேலைகளில் பெரும் பகுதி அறிவிப்புக்குக் காத்திராமல் பங்குனிக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டியவை என்பது தெளிவாகும். அறிவிப்பு வந்தபின் செய்வதற்கு உரியவை சிலவே.

இடிமழை உண்டாகும் விதம்

கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கே ஏலமலைத் தொடருக்கும் கிழக்கே வருஷநாடு, மேகமலைத் தொடர்களுக்கும் இடையே கிடக்கிறது. மலைக்கு மேற்புறமுள்ள தேக்கடிப் பிரதேசம் தென்மேற்குப் பருவ மழையை மிகுதியாகப் பெறும்போது, பள்ளத்தாக்கு மழை மறைவில் நிற்கிறது. 1895-ஆம் வருஷம் பெரியாறு அணை கட்டி முடிந்து நீர் கிழக்கே திருப்பப்பட்டதும் இக்காரணத்தினாலேயே. ஆகவே இப்பள்ளத்தாக்குக்குக் கோடை மழை என்பது உபரியான வரவன்று. முல்லைப் பெரியாற்று நீர் ஜூன் மாதம் திறக்கப்படும் வரையில் தோட்டக்கால்களைத் தாங்கி நிற்கும் முக்கியமான வரவு.

சித்திரை வெயிலில் பள்ளத்தாக்கின் தரையும் மலைச் சரிவுகளும் முற்பகலிலேயே கடுமையாகச் சூடேறுகின்றன. சூடேறிய காற்று சரிவுகளின் வழியே மேலெழும்புகிறது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் கடலீரம் அதனோடு சேரும்போது, பிற்பகலில் மலைமுகட்டின்மேல் மேகம் கோபுரம்போல் உயர்கிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாவதால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனமடைந்து, மழையுடன் சேர்ந்து கீழே பாய்கிறது. தரையில் மோதிய அக்காற்று நாற்புறமும் சிதறி ஓடுகிறது. குடியானவர்கள் சூறைக்காற்று என்று சொல்வது பெரும்பாலும் இதுவே. மழைக்குச் சில நிமிஷங்கள் முன்னதாகவே குளிர்ந்த காற்றும் புழுதியும் வந்து சேர்வதற்கும், வாழை மரங்கள் முதல் துளி விழுமுன்பே சாய்ந்துவிடுவதற்கும் காரணம் இதுதான்.

தனியான ஓர் இடிமேகத்தின் ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம். அதன் அகலம் சில கிலோமீட்டரே. உத்தமபாளையத்தில் ஓடை பெருகும்போது கம்பத்தில் தூசி பறப்பதும், ஒரே ஊரில் ஆற்றங்கரை நிலம் நனைந்து மேட்டு நிலம் காய்ந்து கிடப்பதும் இதனால் நேர்வன. இத்தனை சிறிய, இத்தனை அற்பாயுளான மேகம் இன்ன கிராமத்தில் இன்ன மணிக்குத் தோன்றும் என்று மூன்று நாள் முன்னதாகச் சொல்லும் வித்தை உலகில் எந்தத் தேசத்திலும் இல்லை.

இந்திய வானிலை இலாகா 1945-ஆம் வருஷம் குடியானவர்களுக்கென்று தனி வானிலை அறிக்கையை ஆரம்பித்தது. அக்காலத்து அறிக்கை மிக விரிந்த பிரதேசத்துக்குப் பொதுவாகச் சொல்லப்பட்டது. இன்று செயற்கைக் கோளும் ராடார் கருவியும் பெருங்கணினியும் வந்துவிட்டன. 2025-ஆம் வருஷம் மே மாதம் ஆரம்பிக்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு முறை, ஆறு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக நாட்டைப் பகுத்துக் கணக்கிடுகிறது. இது பெரிய முன்னேற்றமே. எனினும் மலையும் மடுவும் அடுத்தடுத்துக் கிடக்கும் இப்பள்ளத்தாக்கின் குறுக்கே அத்தகைய கட்டங்கள் சிலவே அடங்கும். ராடார் நிலையங்களுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே தூரமும் மலைகளும் குறுக்கிடுகின்றன. ஆகவே நாளையும் பிரதேசத்தையும் எதிர்பார்க்கலாம். கிராமத்தையும் மணியையும் முன்கூட்டி எதிர்பார்க்கலாகாது.

அறிவிப்பின் சொற்களைப் படிக்கும் முறை

வானிலை அறிவிப்பில் வரும் சொற்கள் ஒவ்வொன்றும் அளவுடையவை. "ஓரிரு இடங்களில்" மழை என்றால், அப்பிரதேசத்து மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாத இடங்களில் மழை பெய்யும் என்று பொருள். அடுத்த படி 26 முதல் 50 வரை. அதற்கடுத்தது 51 முதல் 75 வரை. "பெரும்பாலான இடங்களில்" என்பது 76-க்கு மேல். கோடைக் காலத்து அறிவிப்புகளில் மிகுதியும் காணப்படுவது "ஓரிரு இடங்களில்" என்பதே. அப்படியாயின், நான்கு ஊரில் மூன்று ஊர் காய்ந்திருந்தாலும் அறிவிப்பு பலித்ததாகவே கொள்ள வேண்டும். காய்ந்த மூன்று ஊராரும் அதைப் பொய் என்று சொல்வார்கள். சேதப்பட்ட நான்காம் ஊரார் மட்டும் மெய் என்பார்கள். எந்த ஊர் நான்காம் ஊர் என்பது முந்தின நாள் ஒருவருக்கும் தெரியாது என்பதே கவனிக்கத்தக்க விஷயம்.

நிறங்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மஞ்சள் நிறம் கவனித்திருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாயிருக்கவும், சிவப்பு நிறம் உடனே செயல்படவும் சொல்பவை. இவற்றுள் பத்திரிகைகளில் பெரிதாக வெளிவருபவை பெரும்பாலும் மழையின் அளவைக் குறித்தவை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்வது கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. ஆனால் வாழையின் சத்துரு மழையளவன்று, காற்று. பத்து மில்லிமீட்டர் மழையோடு முடிந்துபோகும் மேகமும் ஒரு தோட்டத்தைச் சாய்க்கக்கூடும். ஆகவே வாழைக் குடியானவன், நிறம் என்ன என்பதோடு நில்லாமல், "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று" என்று ஓரமாக எழுதப்பட்டிருக்கும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். மஞ்சள் அறிவிப்பாயினும் அவ்வரி இருந்தால் அவனுக்கு அது சிவப்புக்குச் சமானம்.

அறிவிப்புகளில் இரண்டு வகை உண்டு என்பதையும் மறக்கலாகாது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவரும் வேளாண் வானிலை ஆலோசனையானது அடுத்த ஐந்து நாட்களின் போக்கைச் சொல்வது. மேகம் எழுந்தபின் ராடாரில் பார்த்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று அளிக்கப்படும் அறிவிப்பு மற்றொரு வகை. முன்னது வாரத்தின் வேலைகளைத் திட்டமிடுவதற்கும், பின்னது ஆட்களையும் மாடுகளையும் பத்திரப்படுத்துவதற்கும் உரியவை. 1,200 மரத்துக்கு முட்டுக் கொடுப்பது மூன்று மணி நேரத்தில் ஆகக்கூடிய காரியமன்று.

ஏற்பாட்டுக்குரிய காலம்

வாழை உண்மையில் மரமன்று. இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றன்மேலொன்று சுற்றி நிற்பதையே தண்டென்கிறோம். அதன் வேர்களும் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. தார் விட்டபின் தலைப்பாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்நிலையில் வீசும் காற்றுக்கு, பாய்மரம்போல் விரிந்த இலைகள் பிடிகொடுக்கின்றன. காய்ந்த தரையாயின் தண்டு நடுவில் முறிகிறது. அன்று காலையில்தான் நீர் பாய்ச்சிய தரையாயின் வேருடன் பெயர்கிறது.

பள்ளத்தாக்கில் மிகுதியாகப் பயிராகும் ஜி-9 ரகம், நட்ட ஏழு எட்டு மாதங்களில் தார் விட்டு, அதிலிருந்து மூன்று அல்லது நான்கு மாதங்களில் வெட்டுக்கு வருகிறது. ஆனி, ஆடியில் நட்ட கன்று மாசி, பங்குனியில் தார் விடும். சித்திரை, வைகாசியில் காய் திரண்டு பாரம் ஏறும். இடிமழையின் உச்சமும் தாரின் உச்சப் பாரமும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றன. கோடை மழை ஓய்ந்தவுடன் அபாயம் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியே புகும் காற்று நாள் முழுவதும் வீசுவது. அக்காற்றை நம்பியே இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருக்கின்றன. பருவ மழை தொடங்கும் நாளும் ஒரு நிலையில் நிற்பதில்லை. கேரளத்தில் அது வழக்கமாக ஜூன் முதல் தேதி தொடங்குவது. 2023-இல் ஜூன் 8-ஆம் தேதியும், 2024-இல் மே 30-ஆம் தேதியும், 2025-இல் மே 24-ஆம் தேதியும் தொடங்கிற்று. வைகாசியின் நடுவில் இடிமழை முடிந்து காற்றுக்காலம் பிறக்குமா, ஆனி வரையில் நீளுமா என்பதை வருஷத்துக்கு வருஷம் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே. முட்டுக் கொடுப்பதற்குரிய நாளைப் பயிரின் வயதைக் கொண்டு குறிக்க வேண்டுமேயன்றி, வானிலை அறிவிப்பைக் கொண்டு குறிக்கலாகாது. தார் வெளிவந்தவுடன் சவுக்குக் கம்பினாலோ மூங்கிலினாலோ சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுப்பதும், கம்பு கிடைக்காத இடத்தில் உறுதியான கயிற்றினால் எதிர் எதிர் மரங்களை இணைத்துக் கட்டுவதும், மரத்தடியில் மண் அணைப்பதும், காய்ந்த இலைகளையும் வேண்டாத பக்கக் கன்றுகளையும் நீக்குவதும், வடிகால்களைத் தூர் எடுப்பதும் பங்குனிக்குள் முடிந்திருக்க வேண்டும். தோட்டத்தின் காற்றுவரும் ஓரங்களில் அகத்தியோ சவுக்கோ நெருக்கமாக வைப்பது அடுத்த வருஷத்துக்கான ஏற்பாடு. சின்னமனூர்க் கொடிக்கால்காரர்கள் வெற்றிலைக்கு முன்னரே அகத்தியை வளர்த்துக்கொள்வதை வாழைக் குடியானவர்கள் தினந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நிலம் முழுவதையும் ஒரே மாதத்தில் நடுவதையும் கைவிடுவது நலம். நிலத்தை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து மாதங்களை விட்டு நட்டால், ஒரு காற்றில் எல்லாத் தாரும் போவதில்லை. விலை வீழ்ச்சியினால் நேரும் நஷ்டமும் பகிர்ந்துபோகும்.

செலவு யாரைச் சார்ந்தது

இவ்வளவும் குடியானவர்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் செய்யாமைக்குக் காரணம் அசட்டை என்று சொல்லிவிடுவது எளிது, அது உண்மையன்று. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்று நிற்கிறது. அத்தனைக்கும் கம்பு வாங்குவதென்றால், உரமும் கூலியும் கொடுத்துக் கை வறண்டிருக்கும் எட்டாம் மாதத்தில் மொத்தமாகப் பணம் வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் வரும் வருஷம் அதே நிலம் தன்னிடம் இருக்குமோ இராதோ என்று எண்ணுகையில், பல போகத்துக்கு உழைக்கும் கம்பை வாங்க மனம் துணிவதில்லை. காற்று வராவிட்டால் கம்பின் விலை வீண். வந்துவிட்டால் சாகுபடியே வீண். இந்தச் சூதாட்டத்தில் அவன் முன்னதைத் தவிர்த்துப் பின்னதை ஏற்கிறான்.

ஆனால் கம்பின் விலையை ஒரு மழை நாளின்மேல் ஏற்றிப் பார்ப்பது தவறான கணக்கு. கம்பு சித்திரை இடிமழைக்கும் ஆடிக் காற்றுக்கும் சேர்த்து உதவுகிறது. வெட்டு முடிந்தவுடன் மழையும் கறையானும் படாமல் அடுக்கி வைத்தால் அடுத்த போகங்களுக்கும் உதவுகிறது. காற்றில்லாத வருஷத்திலும் முட்டுக் கொடுத்த மரத்தின் தார் நேராகத் தொங்கி, இலையிலும் பக்கத்து மரத்திலும் உராயாமல், தோலில் வடுவின்றி வளர்கிறது. தூர தேசங்களுக்கு அனுப்பும் பழத்துக்கு வடுவற்ற தோலே விலை.

தனி மனிதனுக்குப் பாரமாக இருப்பது பலர் கூடினால் பாரமாக இராது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஏர்க் கருவிகளை வாடகைக்குக் கொடுப்பதுபோல, முட்டுக் கம்புகளையும் மொத்தமாக வாங்கி வைத்துப் போகத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுக்கலாம். குத்தகைப் பத்திரம் எழுதும்போதே கம்பின் செலவில் நிலச் சொந்தக்காரர் ஒரு பங்கை ஏற்பதாக எழுதிக்கொள்வதும் நியாயமானதே. மரம் சாய்ந்தால் பாக்கி விழுவது அவருடைய குத்தகையும்தான்.

சர்க்கார் தரப்பிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2016-இல் ஆரம்பித்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனித்தனி நிலத்தின் சேதத்தைப் பார்த்து இழப்பீடு தரும் பகுதியில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் தேக்கம், மேக வெடிப்பு, மின்னலால் நேரும் தீ ஆகியவை சொல்லப்பட்டிருக்கின்றன. மழையற்ற சூறைக்காற்றினால் மட்டும் சாய்ந்த வாழை அவ்வரிசையில் தனியாக இடம் பெறவில்லை. ஓர் ஊரின் ஒரு மூலையை மட்டும் அழித்துவிட்டுப் போவதே கோடைக் காற்றின் இயல்பு. அதை வட்டார சராசரி மகசூலைக் கொண்டு அளந்தால், சேதமுற்றவனுடைய நஷ்டம் சேதமுறாதவர்களுடைய மகசூலில் கரைந்துவிடுகிறது. மேகத்தின் தன்மை கிராமத்தைவிடச் சிறியதாயிருக்கும்போது நஷ்டத்தை அளக்கும் அளவுகோல் கிராமத்தைவிடப் பெரியதாயிருத்தல் பொருந்தாது. வாழை மிகுந்த ஜில்லாக்களிலாவது சூறைக்காற்றைத் தனி நில இழப்பீட்டில் சேர்ப்பது அவசியம்.

அறிவிப்பு வந்தபின் செய்யத்தக்கவை

பலத்த காற்று என்ற அறிவிப்பு வந்த நாளில் வாழைக்குப் பாசனம் செய்வதை நிறுத்துக. முக்கால் பங்குக்கு மேல் முற்றிய தார்களை வியாபாரியிடம் பேசி வெட்டிவிடுக. பன்னீர் திராட்சைக் கொடிகளில் பழுத்த குலைகளை முதலில் பறித்துவிடுவது நலம். பழுத்த பழம் மழை நீரால் வெடித்து அழுகும். உரமிடுதலையும் மருந்து தெளித்தலையும் ஒத்திவைக்க வேண்டும்.

பிற்பகலில் மலைமேல் மேகம் கறுத்து இடியோசை கேட்டவுடன், ஆட்களை வயலிலிருந்து அனுப்பிவிடுக. இடி காதில் கேட்கும் தூரத்தில் உள்ளவன் மின்னல் தாக்கும் தூரத்திலும் இருக்கிறான். புளிய மரத்தடியும் தென்னையடியும் ஒதுங்குமிடமன்று. தகரக் கொட்டகையும் அன்று. சுவரும் கூரையும் உள்ள கட்டிடத்துக்குள் சென்று, கடைசி இடியோசை நின்று அரை மணி நேரம் கழித்தே வெளிவர வேண்டும். காற்று வீசும்போது முட்டை இறுக்கவென்று தோட்டத்துக்குள் ஓடுவது உயிருக்கே அபாயம். கைப்பேசி உள்ளவர்கள் மின்னலுக்குத் தாமினி செயலியையும், பயிர் ஆலோசனைக்கு மேகதூதம் செயலியையும் வைத்துக்கொள்ளலாம்.

சேதம் நேர்ந்துவிட்டால், மரங்களை அப்புறப்படுத்துமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை அலுவலருக்கும் தெரிவித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்க. காப்பீடு செய்தவர்கள், திட்டத்தில் சொல்லப்பட்ட இடர்களாயின் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நிவாரண விதிகளின்படி நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமான பயிரே கணக்கில் வரும். ஆகையால் குத்தகைதாரர்கள் அடங்கலில் தங்கள் சாகுபடி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வது மிக அவசியம். முறிந்த தண்டுகளை அடியோடு வெட்டி, மரத்துக்கு ஒரு நல்ல பக்கக் கன்றை விட்டு மற்றவற்றை நீக்கினால் மறுதாம்புப் பயிர் நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடு செய்யும்.

வானிலை அறிவிப்பைப் பழிப்பதால் ஒரு தாரும் மிஞ்சப்போவதில்லை. அதைக் குருட்டுத்தனமாக நம்பி, அது வரும்வரை கை கட்டியிருப்பதாலும் மிஞ்சப்போவதில்லை. எந்த நாளில், எந்தப் பிரதேசத்தில் அபாயம் என்பதைச் சொல்வது வானிலை இலாகாவின் கடமை. அபாயம் தன் தோட்டத்தைத் தேடி வந்தாலும் மரம் நிற்கும்படி செய்து வைப்பது குடியானவனுடைய கடமை. அவ்வாறு செய்து வைக்க வசதியற்றவனுக்கு வசதி உண்டாக்குவது கூட்டுறவுச் சங்கத்தினுடையவும் சர்க்காருடையவும் கடமை. இம்மூன்றும் பங்குனிக்குள் ஒன்றுகூடினால், சித்திரை மேகத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு மழைக்காகவே எதிர்பார்த்து நிற்கலாம்.